அறிந்ததை அறிவித்தல்: மாணவர் விஞ்ஞானப் படப்போட்டியும் வருசநாட்டு மழையும்

கல்வியென்பது கேட்டலோடு முடிவதன்று. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், தம் நூலின் பொதுப்பாயிரத்தில், மாணாக்கன் ஒருவனது புலமை நிரம்பும் வகையைக் கணக்கிட்டே காட்டியிருக்கின்றார். ஆசிரியன் உரைத்ததைக் குறைவறக் கேட்டுக்கொண்டவனுக்கு வாய்ப்பது காற்பங்கு. உடன் கற்பாரோடு கூடிப் பயில்வதனால் வாய்ப்பது மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கும், தான் அறிந்ததைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைக்கும்போதே வந்து சேர்கின்றது என்பது அவர் கொள்கை. நம் மாணவரிற் பெரும்பாலோர் முதற் காற்பங்கைப் பெறுதற்கே ஆண்டு முழுதும் உழைக்கின்றனர். பரீட்சை நெருங்குங் காலத்து, விடுதி அறைகளில் நால்வர் ஐவராகக் கூடிப் படிக்குமிடத்து, இரண்டாங் காற்பங்கும் ஓரளவு கைகூடுகின்றது. பின்னதாகிய அரைப்பங்கோ பலர்க்கு வாழ்நாள் முழுதும் எட்டாமலே போகின்றது. அவ்வரைப்பங்கைப் பெறுதற்குரிய வழியொன்றை, நம் காலத்தில் எழுந்த ஒரு மாணவர் போட்டியைக் கொண்டும், தேனி ஜில்லாவைச் சேர்ந்த வருசநாட்டின் இயற்கையைக் கொண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போட்டியின் இயல்பு

2015-ஆம் ஆண்டில், யூரி மில்னர், ஜூலியா மில்னர் என்னும் தம்பதிகளின் முயற்சியால், ‘பிரேக்த்ரூ ஜூனியர் சேலஞ்ச்’ என்னும் பெயருடைய போட்டியொன்று உலக மாணவர் அனைவர்க்கும் பொதுவாகத் தொடங்கப்பெற்றது. பதின்மூன்று வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர் அதிற் கலந்துகொள்ளலாம் என விதித்தனர். பௌதிகம், கணிதம், உயிர்நூல் ஆகிய துறைகளில் எளிதிற் புலப்படாத ஒரு தத்துவத்தை மாணவர் தாமே தேர்ந்துகொள்ளல் வேண்டும், அதனைச் சில நிமிடங்களுக்குள் அடங்கும் ஒரு வீடியோப் படமாக்கிக் காட்டல் வேண்டும், இவ்வளவே கட்டளை. முதற்பரிசு பெற்ற மாணவரின் மேற்படிப்புக்கு 2,50,000 டாலரும், அவர்க்கு வழிகாட்டிய ஆசிரியர்க்கு 50,000 டாலரும், அவர் பயின்ற பள்ளியில் விஞ்ஞானச் சாலையொன்று அமைத்தற்கு 1,00,000 டாலரும் என வகுத்தனர். ஒருவனுடைய அறிவு அவன் ஒருவனால் மட்டும் விளைந்ததன்று என்னும் உண்மை இப்பங்கீட்டில் விளங்குகின்றது.

படங்களை மதிப்பிடுதற்கு நான்கு அளவுகோல்கள் வைக்கப்பட்டன. காண்போர் உள்ளத்தைப் பிணித்தல் ஒன்று. பொருளைத் தெளிவுறுத்தல் ஒன்று. கற்பனைத் திறம் ஒன்று. எடுத்துக்கொண்ட பொருளின் அருமை ஒன்று. இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் கலைக்குரியன; இரண்டாவதும் நான்காவதும் அறிவுக்குரியன. அரிய பொருளைத் தெளிவின்றிக் கூறினும், எளிய பொருளை அலங்காரமாகக் கூறினும் பரிசில்லை. அன்றியும், போட்டியிற் கலந்துகொள்வோர் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்து மதிப்பெண் வழங்குதலும் ஒரு கட்டமாக வைக்கப்பெற்றது. உடன் கற்பாரோடு பழகி வரும் காற்பங்கும், எடுத்துரைத்தலால் வரும் அரைப்பங்கும் இவ்வாறு ஒரே முயற்சியில் இணைகின்றன.

பரிசு பெற்றோர் சிலரை நோக்குவோம். முதலாண்டில் வென்ற ரையன் செஸ்டர் என்னும் அமெரிக்க மாணவர், ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்புக் கொள்கையை விளக்கினார். 2016-இல் பரிசு பெற்ற இருவருள் ஒருவர் பெரு நாட்டினர், மற்றவர் சிங்கப்பூரினர். பிலிப்பைன்ஸ் தீவினராகிய ஹில்லரி ஆண்டேல்ஸ் 2016-இல் முதற்பரிசை அடையாதொழிந்தும், பொதுமக்கள் வாக்கில் முன்னின்றார். மனந்தளராது மறு ஆண்டும் முயன்று 2017-இல் வெற்றி பெற்றார். 2018-இல் பெங்களூரைச் சேர்ந்த சமய் கோடிகா, நம் உடலுக்குள் இரவு பகலை அளந்து நிற்கும் உயிர்க் கடிகாரத்தைப் பற்றிப் படமெடுத்து வென்றார். அவர் தங்கையாகிய சியா கோடிகாவும் 2023-இல் அதே பரிசைப் பெற்றார். 2020-இல் கனடாவின் மரியம் செகாயே, அணுவினும் நுண்ணிய துகள்கள் கடத்தற்கரிய தடையை ஊடுருவிச் செல்லும் விந்தையைப் பகடைக் காயையும் கணினி விளையாட்டையும் கொண்டு விளக்கினார். பெருநகர்ச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே இத்திறம் உரியதென்று எண்ணுதற்கு இடமில்லை. பகடைக் காய் எந்த ஊரிற் கிடையாது?

பெயர் சொல்லுதல் விளக்கமாகாது

இத்தகைய முயற்சி முற்றிலும் புதியதுமன்று. இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞர், 1848-ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலும், மீண்டும் 1860-61-லும், சிறுவர் சிறுமியர் முன்னிலையில் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றிவைத்து, அதனையே பொருளாகக் கொண்டு பிரசங்கங்கள் நிகழ்த்தினார். மெழுகு உருகுவதும், திரி அதனை உறிஞ்சுவதும், ஆவியாகி எரிவதும், எரிந்தபின் நீராவியும் கரியமில வாயுவும் தோன்றுவதும் ஒவ்வொன்றாகக் கண்முன் காட்டப்பெற்றன. ஒரு மெழுகுவர்த்தியின் வழியாக இரசாயன நூலின் பெரும்பகுதி கேட்போர்க்கு விளங்கிற்று.

ஆலன் ஆல்டா என்னும் அமெரிக்க நடிகர் தம் பதினோராம் வயதில், ‘சுடர் என்பது யாது?’ என்று ஆசிரியரை வினவ, அவர், ‘அஃது ஆக்ஸிஜனேற்றம்’ என்று ஒரே சொல்லில் விடையிறுத்துவிட்டனராம். அச்சொல் சிறுவனுக்கு எதனையும் உணர்த்தவில்லை. அவ்வினாவை நெடுங்காலம் மறவாத ஆல்டா, 2012-இல் அதனையே உலக விஞ்ஞானிகளுக்கு ஒரு போட்டியாக விடுத்தார். விடைகளின் உண்மையை விஞ்ஞானிகள் சோதித்தனர். தெளிவைத் தீர்மானிக்கும் நடுவர்களாகவோ பதினொரு வயதுச் சிறுவர்களே அமர்ந்தனர். ஆஸ்திரியா தேசத்து இன்ஸ்புரூக்கில் ஆராய்ச்சி மாணவராயிருந்த பென் ஏம்ஸ் என்பவரின் சித்திரப்படமே முதலிடம் பெற்றது.

இதனால் நாம் அறியவேண்டுவது ஒன்றுண்டு. ஒரு நிகழ்ச்சிக்கு அறிஞர் இட்ட பெயரைக் கூறுவது அதனை விளக்கியதாகாது. பரீட்சைத் தாளில் அப்பெயருக்கு மதிப்பெண் கிடைக்கலாம். வினவியவன் உள்ளத்திலோ இருள் அகல்வதில்லை. சொல்பவனும் பல வேளைகளில் அப்பெயருக்கு அப்பால் ஒன்றும் அறியாதவனாயிருக்கின்றான். அந்த அறியாமையை அவனுக்கே காட்டிக்கொடுப்பது பிறர்க்கு விளக்கும் முயற்சி ஒன்றே.

வருசநாட்டு மழை

இனி, இம்முறையை நம் நாட்டு நிகழ்ச்சியொன்றில் வைத்துப் பயின்று பார்ப்போம். தேனி ஜில்லாவின் தென்பகுதியிலே மேற்கும் கிழக்குமாக இரண்டு பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. மேற்கிலுள்ளது கம்பம் பள்ளத்தாக்கு. கிழக்கிலுள்ளது மூல வைகை ஓடும் வருசநாட்டுப் பள்ளத்தாக்கு. இரண்டிற்கும் நடுவே மேகமலை உயர்ந்து நிற்கின்றது. கம்பம் பள்ளத்தாக்கிற்கும் மேற்கே கேரள எல்லையிலுள்ள ஏலமலைத் தொடர் மற்றொரு மதிலாக அமைந்துளது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று வீசுங் காலை, மேகமலையின் தேயிலைத் தோட்டங்கள் மூடுபனியிலும் மழையிலும் நனைந்துகொண்டிருக்க, அதன் கீழ்ப்புறத்தே வருசநாடு, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை முதலிய ஊர்களில் வெறுங்காற்றே புழுதியை வாரி இறைப்பதைக் காணலாம். மழை பெய்யும் மலை கண்ணெதிரே தோன்றவும், கழனி காய்ந்து கிடக்கின்றது. இதற்குக் காரணம் யாது?

‘வருசநாடு மழைமறைவுப் பிரதேசம்’ என்று பூகோளப் பாடம் படித்த மாணவன் உடனே விடை கூறுவான். இவ்விடை பிழையன்று, ஆயின், ஆல்டாவின் ஆசிரியர் கூறிய விடை எத்தகையதோ அத்தகையதே இதுவும். மறைவு என்னுஞ் சொல், மழை ஏதோ வெயிலைப் போல நேர்கோட்டிற் சென்று மலையால் தடுக்கப்படுவதாக ஒரு பொய்த்தோற்றத்தையும் உண்டாக்குகின்றது. காற்று மலையைக் கடந்து இப்புறம் வரத்தான் செய்கின்றது. காற்று வந்தும் மழை வாராமை எதனால் என்பதே உண்மையான வினா. வினாவை இவ்வாறு கூர்மையாக்கிக்கொள்வதே விளக்கத்தின் முதற்படி.

இரண்டாவது படி, கேட்போன் முன்பே அறிந்த ஒன்றிலிருந்து தொடங்குதல். சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகம் சூடேறுவதை எல்லோரும் தொட்டறிந்திருக்கின்றோம். நிறையக் காற்றடைத்த சக்கரத்தின் வால்வைத் திறந்தால், வெளிப்படும் காற்று விரலிற் குளிர்ச்சியாகப் படுகின்றது. நெருக்கினால் காற்றுச் சூடேறுகின்றது, விரிந்தால் குளிர்கின்றது. இவ்விரு செய்கைகளையும் அரை நிமிடத்திற் படமெடுத்துவிடலாம்.

மூன்றாவது படி, அறிந்ததிலிருந்து அறியாததற்கு ஒவ்வோர் அடியாகச் செல்லுதல். தரையிலுள்ள காற்றின்மேல் வாயுமண்டலம் முழுவதன் பாரமும் அழுத்துகின்றது. மேலே செல்லச் செல்ல, தலைக்குமேல் உள்ள காற்றுக் குறைதலின் அழுத்தமும் குறைகின்றது. மலைச்சரிவின்மீது ஏறும் காற்று, வால்வினின்றும் விடுபட்ட காற்றைப் போல விரிந்து, விரிவதனாற் குளிர்கின்றது. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் குறைகின்றது. குளிர்ந்த நீருள்ள செம்பின் புறத்தே நீர்த்துளி அரும்புதல் போல, ஒரு நிலையில் காற்றிலுள்ள நீராவி சிறு துளிகளாக மாறுகின்றது, அதுவே மேகம். ஆவி நீராகும்போது தன்னுள் அடக்கிய வெப்பத்தை வெளிவிடுகின்றது. ஆதலின், மேகந்தோன்றிய பின்னர்க் காற்றுக் குளிரும் வேகம் தணிந்து, ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6 டிகிரியாகின்றது.

இதனை ஒரு சிறு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். மலையடியில் 28 டிகிரி உஷ்ணமுள்ள காற்று 1,500 மீட்டர் உயரம் ஏறுவதாகவும், 500 மீட்டரில் மேகந்தோன்றுவதாகவும் வைத்துக்கொள்வோம். முதல் 500 மீட்டரில் 5 டிகிரி குறைந்து 23 ஆகும். அடுத்த 1,000 மீட்டரில் 6 டிகிரி குறைந்து 17 ஆகும். வழியில் நீர் மழையாகப் பெய்துவிட்டது. இப்பொழுது காற்று மறுபுறம் இறங்குகின்றது. இறங்குங்கால் அழுத்தம் கூடுதலின், பம்பினுள் நெருக்குண்ட காற்றைப்போலச் சூடேறுகின்றது. ஆவியாகி அவ்வெப்பத்தை மீட்டும் வாங்கிக்கொள்ளுதற்கு மேகம் எஞ்சவில்லையாயின், 1,500 மீட்டரும் ஆயிரத்துக்குப் பத்து வீதம் சூடேறி, 17-உடன் 15 சேர்ந்து 32 டிகிரியாக அடிவாரத்தை அடையும். ஏறும்போது 28, இறங்கியபின் 32. நீரை இழந்தும் வெப்பத்தைப் பெற்றும் வருகின்ற இக்காற்று, மழை தருவதற்கு மாறாக, மண்ணிலுள்ள ஈரத்தையும் பருகுகின்றது. வருசநாட்டுக்கு மேற்கே இத்தகைய மதில்கள் இரண்டு நிற்றலின், ஏலமலையிற் பெரும்பகுதி நீரை ஈந்த காற்றே மேகமலையில் எஞ்சியதையும் ஈந்து வருசநாட்டை அடைகின்றது.

நான்காவது படி, உவமையின் எல்லையைச் சொல்லுதல். ‘சூடான காற்று மிகுதியான நீரைத் தாங்கும், குளிர்ந்த காற்றுத் தாங்காது’ என்று பலரும் எழுதுவர். பஞ்சு நீரை உறிஞ்சி வைத்திருப்பது போன்ற எண்ணத்தை இஃது உண்டாக்கும். உண்மையிலே காற்றுப் பஞ்சன்று. நீர்த்துளியினின்றும் நீரணுக்கள் வெளிப்படுகின்றன, அதனிடத்து வந்தும் சேர்கின்றன; வெளிப்படுவன எவ்வளவு என்பதை உஷ்ணமே நிர்ணயிக்கின்றது. உஷ்ணம் தணிந்தால் வெளிப்படுவன குறைந்து, வந்து சேர்வன அவற்றினும் மிகுதியாகின்றன, துளி வளர்கின்றது. ‘இவ்வுவமை இதுவரை செல்லும், இதற்குமேற் செல்லாது’ என்று சொல்லத் துணிபவனையே கேட்போர் நம்புவர்.

ஐந்தாவது படி, சோதனை. நம் விளக்கம் உண்மையாயின், அதனின்றும் வேறு சில செய்திகளும் பெறப்படல் வேண்டும். எதிர்த்திசையினின்று வீசும் காற்றுக்கு இம்மதில்கள் இவ்வாறு தடையாகா. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தேதான் வருசநாடு பெரிதும் மழை பெறுகின்றது என்பதை அவ்வூர் உழவர் யாவரும் அறிவர். இன்னுமொரு சோதனையைக் கைப்பேசியாலேயே செய்யலாம். ஆடி மாதத்தில், வருசநாட்டுப் பக்கத்தில் ஒரு மேட்டிலே கைப்பேசியை அசையாது நிறுத்தி, சில விநாடிகளுக்கொரு படமாக ஒரு மணி நேரம் மேகமலையின் உச்சியை எடுத்துத் தொடர்ந்து ஓட்டினால், காற்று விரைந்து வீசவும், மலைமுடியிற் கவிந்த மேகம் தன் இடத்தை விட்டு அகலாதிருத்தலைப் பலநாள் காணலாம். மேற்புறத்தே புதிதாகத் தோன்றிக்கொண்டும் கீழ்ப்புறத்தே கரைந்துகொண்டும் இருத்தலால், ஓடும் காற்றிலே அம்மேகம் நிற்பதுபோலத் தோன்றுகின்றது. சொல்லால் விளக்குதற்கு ஒரு பக்கம் வேண்டும் இவ்வுண்மையைப் படம் பத்து விநாடியிற் காட்டிவிடும். வீடியோ என்னுங் கருவிக்கு விஞ்ஞானத்தில் உரிய இடம் இதுவே. ஆசிரியர் முகத்தைக் காட்டிக்கொண்டிருப்பதற்கு அது வேண்டுவதில்லை; மெல்ல நிகழ்வதை விரைவாகவும், விரைய நிகழ்வதை மெல்லவும் காட்டுதற்கே அது வேண்டும்.

இவ்வகையான வினாக்கள் அந்நாட்டில் இன்னும் பலவுள. மூல வைகை வறண்டு கிடக்கும்போதும் மணலைத் தோண்டினால் ஊற்றுச் சுரப்பது எவ்வாறு? ஒரு கண்ணாடிக் குவளை நிறைய மணலிட்டு, அதன்மேல் அளந்து நீரை வார்த்தால், நிறைந்திருப்பதாகத் தோன்றிய குவளை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீரையும் உட்கொள்ளக் காணலாம். 1895-இல் திறக்கப்பெற்ற முல்லைப் பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கை அடைந்து வயல்களைப் பசுமையாக்கவும், மேகமலைக்கு இப்பாலுள்ள வருசநாடு தன் மழையையும் கிணற்றையும் நம்பியே நிற்பது ஏன்? இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு நல்ல படத்துக்குப் பொருளாகும்.

பொட்டிப்புரம் கற்பிக்கும் பாடம்

விளக்கிச் சொல்லுதல் வெறும் பரிசுக்குரிய திறமை என்று எவரும் கருதவேண்டா. அதன் இன்றியமையாமையைத் தேனி ஜில்லாவே நமக்குக் காட்டியிருக்கின்றது. 2019-இல் மேற்கூறிய போட்டியில் வென்ற ஜெப்ரி சென் என்னும் அமெரிக்க மாணவர் எடுத்துக்கொண்ட பொருள் நியூட்ரினோ என்னும் நுண்துகள் கொண்டு விண்ணை ஆராயும் முறையாகும். உலகின் மறுகோடியில் ஒரு மாணவர் இதனைச் சில நிமிடங்களில் விளக்கிக்கொண்டிருந்த அக்காலத்திலேயே, மேகமலைக்கு மேற்கே, போடி மேற்கு மலையடிவாரத்துப் பொட்டிப்புரத்தில், அதே நியூட்ரினோவைப் பற்றிப் பெரியதொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

நியூட்ரினோ உண்டென்று 1930-இல் பௌலி என்பார் ஊகித்தார். 1956-இல் ரைன்ஸ், கோவன் என்னும் இருவர் அதனைக் கண்டறிந்ததை வெளியிட்டனர். வாயுமண்டலத்திற் பிறக்கும் நியூட்ரினோக்களை முதன்முதற் கண்ட இடங்களுள் நம் கோலார் தங்கச்சுரங்கமும் ஒன்று. அஃது 1965-இல் நிகழ்ந்தது. சூரியனிற் பிறந்த நியூட்ரினோக்கள் விரல் நகம் அளவான ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியே விநாடிதோறும் ஏறத்தாழ 6,500 கோடி கடந்து செல்கின்றன. இரவிலே பூமியையும் ஊடுருவி வருகின்றன. நம்மை ஒன்றும் செய்வதில்லை. எதனோடும் எளிதிற் சேராமையால் அவற்றைப் பிடித்தறிவதும் அரிது. பிற துகள்களைத் தடுத்து நிறுத்துதற்கு மேலே திண்ணிய பாறை வேண்டும். அதனால்தான் மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் எடையுள்ள காந்தமூட்டிய இரும்பை உள்ளே அடுக்கி ஆராயக் கருதினர். நீலகிரியின் சிங்காராவில் முதலில் எண்ணிய இடம் வனவிலங்குகளை முன்னிட்டு 2009-இல் மறுக்கப்பட்டதனால், போடி மலை தேர்ந்துகொள்ளப்பட்டது. 2015 ஜனவரியில் மத்திய அரசாங்கம் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்ச் செலவில் இதற்கு இசைவளித்தது. ஊரார் எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்தன. புலிகள் நடமாடும் மலைவழியையும் மேற்குத்தொடர்ச்சி மலையின் காப்பையும் காரணமாகக் காட்டித் திட்டத்துக்கு இசைய இயலாதென்று, தமிழ்நாட்டரசு 2022-இல் உச்சநீதிமன்றத்திற் கூறிற்று.

யார் பக்கம் நியாயம் என்பதைத் தீர்ப்பது இக்கட்டுரைக்குப் புறம்பானது. ஆயினும் ஒன்று கவனித்தற்குரியது. அங்கே எழுந்த அச்சங்கள் இருவகைப்பட்டன. நியூட்ரினோவே மனிதரையும் பயிரையும் அழிக்கும் என்பது ஒருவகை. பாறையை வெடிப்பதாலும் சுரங்கம் குடைவதாலும் நீரூற்றும் காடும் விலங்குகளின் வழியும் கெடுமோ என்பது மற்றொரு வகை. முதலாவது அச்சம், துகளின் இயல்பை விளங்கச் சொன்னால் நீங்கத்தக்கது. இரண்டாவதோ ஆராய்ந்து, அளந்து, ஊராரோடு பேசித் தீர்க்கவேண்டிய மெய்யான வினா. இவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்துபோமாயின் இரு திறத்தார்க்கும் கேடே. பொய்யச்சத்தைச் சுட்டி மெய்யச்சத்தையும் தள்ளிவிடுவார் ஒருபுறம். மெய்யச்சத்தைச் சுட்டிப் பொய்யச்சத்தையும் வளர்ப்பார் மறுபுறம். இவற்றைப் பிரித்துக்காட்டும் ஆற்றலே விளக்கத்தின் பயன். அங்ஙனம் பிரித்தறிந்த பின்னர், ‘வேண்டும்’ என்று சொல்லினும் ‘வேண்டா’ என்று சொல்லினும், அவ்வூரார் அறிந்து சொன்னவராவர். அவ்வறிவை அவர்க்கு அளிக்கக் கடமைப்பட்டோர் விஞ்ஞானிகள் மட்டுமல்லர். அவ்வூர்களினின்று கலாசாலைக்கு வந்து விஞ்ஞானம் பயிலும் ஒவ்வொரு மாணவருமே ஆவர்.

தமிழிற் சொல்லும் பொறுப்பு

அக்கடமை தமிழிலேயே ஆற்றப்படல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? தமிழில் விஞ்ஞானத்தைச் சொல்ல இயலாதென்பார்க்கு விடை நெடுங்காலத்துக்கு முன்னரே கிடைத்துவிட்டது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார், மானிப்பாயில் மாணாக்கர்க்கு மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரணவைத்தியம் முதலிய பெருநூல்களைத் தமிழாக்கினார். இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டமை, பிறமொழிச் சொல்லையும் தமிழோசைக்கு இணங்க ஏற்கும் அவர் மனப்பாங்கைக் காட்டும். பின்னர், வழக்கறிஞராகிய பெ. நா. அப்புஸ்வாமி (1891-1986), தம் நெடிய வாழ்நாளின் பெரும்பகுதியை விஞ்ஞானக் கட்டுரைகளைத் தமிழில் எழுதுதற்கே செலவிட்டார். அவர்கள் கையிலிருந்தவை தாளும் மையுமே. நம் கையிலோ படமெடுக்கும் கருவியும், எடுத்ததை நொடியில் ஊரெங்கும் அனுப்பும் வசதியும் இருக்கின்றன.

ஆகவே, நம் கலாசாலையிலும் இத்தகைய போட்டியொன்றை ஆண்டுதோறும் நடத்தலாம். படம் மூன்று நிமிடத்துக்கு மேற்படலாகாது. தமிழில் இருத்தல் வேண்டும். மாணவர் தம் ஊரிற் கண்ட ஒரு நிகழ்ச்சியையே பொருளாகக் கொள்ளல் வேண்டும். பொருளின் உண்மையை நம் ஆசிரியர்கள் சோதிக்கட்டும். தெளிவைத் தீர்மானிக்கும் நடுவர்களாகக் கிராமத்துப் பள்ளிகளின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அமரட்டும். படத்தைக் கண்டபின் அப்பிள்ளை தன் சொற்களால் அதனைத் திருப்பிச் சொல்லக் கூடுமாயின், படம் வென்றது. கூடாதாயின், எத்துணை இசையும் வண்ணமும் இருந்தும் அது தோற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இக்காலத்தில் வினாவைக் கொடுத்தால் விளக்கவுரையை எழுதித்தரும் கணினிப் பொறிகளும் வந்துவிட்டன. அவற்றினிடம் பெற்றதை அப்படியே ஒப்பிப்பவனுக்குப் படம் முடியும். பரிசும் ஒருவேளை கிடைக்கும். ஆயின், எடுத்துரைத்தலால் வரும் அரைப்பங்குப் புலமை மட்டும் கிடையாது. நூலுக்குரிய குற்றங்களைத் தொகுத்த பவணந்தியார், குறைபடக் கூறுதலையும் மிகைபடக் கூறுதலையும் முதலில் வைத்தார். அழகுகளைத் தொகுத்தவிடத்துச் சுருக்கத்தையும் விளக்கத்தையும் முதலில் வைத்தார். மூன்று நிமிடப் படத்துக்கும் இவ்விலக்கணமே போதும்.

மாணவ நண்பர்களே! வருகின்ற விடுமுறையில் நீங்கள் ஊருக்குச் செல்லும்போது, உங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ‘மலையில் மழை பெய்யவும் நம் காட்டிற் பெய்யாதது ஏன்?’ என்று உங்கள் தாத்தா வினவினால், ஒரு சைக்கிள் பம்பை எடுத்துவந்து அவர் கையிற் கொடுங்கள். அவர் தலையசைத்து மறுவினா ஒன்று எழுப்புவாராயின், உங்கள் படத்துக்குரிய பொருள் கிடைத்துவிட்டதென்று கொள்ளுங்கள். அப்பொருளோடு கலாசாலைக்குத் திரும்பி வாருங்கள்; அடுத்த மலர் வெளிவருமுன் முதற்போட்டியை நடத்திவிடலாம்.